மின்சாரம் உண்டு என்று எழுதிய வீடு

என் மூத்த மகளுக்கு அப்போது ஏழு மாதம். பிரசவத்துக்குப் பின் எனக்கு டைபாய்டு வந்து போனதில் தாய்ப்பால் நின்றுவிட்டது. டப்பாவில் வரும் பால் மாவைக் கரைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தேன். ஐந்தாம் மாதம் ஒரு முறை வயிற்றுப்போக்கில் குழந்தை துவண்டு, கண்கள் உள்ளே போய், ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார். தண்ணீர் நன்றாகக் கொதித்துப் பத்து நிமிஷம் நிற்க வேண்டும், பாட்டிலும் ரப்பரும் அதே மாதிரி கொதிக்க வேண்டும், ஒவ்வொரு வேளையும். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்பருகே நிற்பேன். பத்து நிமிஷம் ஆனதும், கொதி வந்த நேரத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். இன்னும் இரண்டு நிமிஷம் விடுவேன்.

இப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை. அதற்கு வேண்டியது மண்ணெண்ணெய்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் கொல்லங்கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே ஓர் அரிசி ஆலை. அதை ஒட்டி ஒரே கூரையின் கீழ் ஐந்து வீடுகள். ஆலையில் நெல் எடை போடுவது என் கணவரின் வேலை. வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. ஆலை பக்கத்திலேயே இருந்ததால் உமிக்குப் பஞ்சமில்லை. சோறும் குழம்பும் ஐந்து வீட்டிலும் உமி அடுப்பில்தான். ஆனால் உமி அடுப்பு ஓர் அவசரத்துக்கு உதவாது. நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இடித்து இறுக்கி, கட்டையைத் திருகி எடுத்து, அந்தத் துளைக்குக் கீழே தீ வைக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் நிற்காமல் எரியும். அணைத்து வைத்து மறுபடி மூட்ட முடியாது. பசித்து அழும் குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க அது ஆகாது. மழை மாதத்தில் உமி ஈரம் குடித்துவிட்டால் புகைதான் மிச்சம், குழந்தைக்கு இருமலும். பிளாஸ்க் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பஸ்ஸில் அதன் உள்கண்ணாடி உடைந்துவிட்டது. ஆகவே குழந்தையின் தண்ணீருக்கு மட்டும் திரி ஸ்டவ்.

அதற்கு முந்தின வருஷம் ஐப்பசி வாக்கில் மேற்கே பாலைவனத்தில் யுத்தம் மூண்டது. யுத்தம் சில வாரங்களில் அடங்கிவிட்டது. ஆனால் தங்கள் எதிராளிக்கு ஆயுதம் கொடுத்த நாடுகளுக்கு எண்ணெய் தரமாட்டோம் என்று அரபு நாடுகள் சொல்லிவிட்டன. நம் நாட்டை அவர்கள் பகையாக நினைக்கவில்லை. நமக்குத் தடையும் இல்லை. ஆனால் விலை நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒன்றுதான். அது பல மடங்கு ஏறியபோது நம் அரசாங்கம் எண்ணெயை அளந்து செலவழிக்கத் தொடங்கியது. அந்த அளவு மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, கடைசியில் எங்கள் ரேஷன் கடையில் புனல் வைத்த தகர அளவையில் வந்து நின்றது.

இதையெல்லாம் வரிசையில் நிற்கும்போது நான்தான் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்வேன். கோயம்புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் ஆலைக்கு வரும் பேப்பரை என் கணவர் மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவருவார். பத்தாம் வகுப்பு முடித்தவள் அந்த ஐந்து வீட்டில் நான் ஒருத்திதான். சூயஸ் கால்வாயைப் படம் வரைந்து பாகம் குறித்தவள். நிலக்கரியில் ஓடிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியதையும், அந்த எண்ணெய்க்காக அவர்கள் பாரசீகத்தில் காலூன்றியதையும் பரீட்சைக்குப் படித்திருந்தேன். அப்போது அது ஐந்து மார்க் கேள்வி.

அடுத்த வீட்டு அக்கா ஆலை இன்ஜினை ஓட்டுபவரின் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சில் யாருக்கும் சளைக்காதவர். ஒரு நாள் நான் படித்து முடித்ததும் கேட்டார்.

"அம்மிணி, அந்த அரபுக்காரனுக்கு நம்ம கொல்லங்கோடு எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்கக்கா."

"அப்பறம் எதுக்கு என்ற ஸ்டவ்வுல வந்து கை வெக்கறான்?"

உள்ளேயிருந்து கடைக்காரர், "அவன் குழாயப் பூட்டிட்டா நான் என்னங்க பண்றது?" என்றார்.

"அவன் பூட்டுனது சரிங்க. சாவி உங்க இடுப்புல தொங்குதுங்களே."

வரிசை முழுக்கச் சிரித்தது. கடைக்காரரும் சிரித்துக்கொண்டே அளவையின் நுரை அடங்குவதற்குள் புனலில் கவிழ்த்தார்.

மாசி மாதம் கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எந்த அடுப்பு, வீட்டில் மின்சாரம் உண்டா இல்லையா. மின்சாரம் உள்ள வீட்டுக்கு விளக்குக்கு எண்ணெய் வேண்டாம் என்பதால் பாதி அளவுதான் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் வரிசைக்கு அந்த வருஷம்தான் கம்பம் நட்டு மின்சாரம் வந்திருந்தது. முதல் நான்கு வீடுகளில் பல்பு எரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போது மீட்டர் தீர்ந்துவிட்டது. லைன்மேன் கம்பியைக் கூரை விளிம்பு வரை இழுத்து, சுருட்டிக் கட்டிவிட்டு, "அடுத்த வாரம் மீட்டர் வந்துரும்" என்றார். இடுக்கியில் அணை முடிந்தால் கரண்ட் தண்ணீராக ஓடும் என்றும் சொன்னார்.

படிவம் மலையாளத்தில் இருந்தது. ஐந்து வீட்டுக்கும் நான்தான் பூர்த்தி செய்தேன். எழுத்து வேலை என்றால் என்னிடம் வருவது அங்கே வழக்கம். கடிதம், மணியார்டர், மனு எல்லாம். அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஜன்னல் இல்லாத அறை என்பதால் பகலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"மின்சாரம் இல்லைன்னு போடு அம்மிணி."

நான் மேலே பார்த்தேன்.

"மேல என்ன பாக்கறே? கீழ பாத்து எழுது."

எழுதினேன். அந்தப் பல்பின் வெளிச்சத்திலேயே நான்கு படிவங்களில் 'இல்லை' என்று எழுதினேன். அவரவர் கார்டு, அவரவர் சொல், அவரவர் கையொப்பம். என்னுடையது கை மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது என் வீட்டுப் படிவம். உண்மையில் மின்சாரம் இல்லாத வீடு அது ஒன்றுதான். ஆனால் அனுமதி வந்துவிட்டது, கம்பி வந்துவிட்டது, அடுத்த வாரம் மீட்டர். இன்று இல்லை என்று எழுதி, அடுத்த வாரம் விளக்கு எரிந்தால் அது பொய் ஆகிவிடாதா? நான்கு பொய் எழுதிய கை ஐந்தாவதையும் எழுத வேண்டுமா? நிறைய யோசித்து, 'உண்டு' என்று எழுதினேன். எழுதிய பிறகும் யோசித்தேன். ஆனால் மையால் எழுதியாகிவிட்டது.

மீட்டர் வரவில்லை. வைகாசியிலும் வரவில்லை. கார்டில் மட்டும் எங்கள் எண்ணெய் பாதியாகிவிட்டது. ஆறு வேளைத் தண்ணீருக்கும், விளக்குக்கும், அந்தப் பாதி. மாதம் பதினெட்டாம் தேதிக்கு மேல் ஸ்டவ்வைச் சாய்த்துப் பிடித்தால்தான் திரி எண்ணெய் குடிக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அக்காதான் ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"கரண்ட் இருக்கற ஊட்டுக்குக் கரண்ட் இல்லாத ஊட்டுல இருந்து எண்ணெய். படிச்சவ எழுதுனா இப்படித்தான் ஆகும்."

"மீட்டர் வந்துரும்னு நெனச்சேனுங்கக்கா."

"வந்தா வந்தப்பறம் எழுதறது. பொறக்காத புள்ளைக்கு யாராச்சும் கார்டுல பேரு சேப்பாங்களா?"

என் கணவர் அதிகம் பேசாதவர். "பத்து நிமிஷத்துக்கு அஞ்சு நிமிஷம் வெச்சா என்ன?" என்று ஒரு நாள் கேட்டார். டாக்டர் பத்து என்றார் என்றேன். "டாக்டர் ஊட்டுல கேஸ் இருக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று மத்தியானம் ஐந்து நிமிஷத்தில் இறக்கினேன். மறுநாள் குழந்தைக்கு இரண்டு முறை வயிறு இளகிப் போயிற்று. பல் முளைக்கும் சமயம், அதனாலும் இருந்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கண்கள் உள்ளே போனது எனக்கு மறக்கவில்லை. அடுத்த நாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சப்ளை ஆபீஸுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு கிளார்க். எழுதிக்கொண்டு போன மனுவைக் கொடுத்து என் தவறைச் சொன்னேன். வீட்டில் கம்பிதான் இருக்கிறது, கரண்ட் இல்லை, அவசரப்பட்டு உண்டு என்று எழுதிவிட்டேன், திருத்த வேண்டும். அவர் ஒரு காகிதக் கட்டை எடுத்து அவிழ்த்து, எங்கள் கடைப் படிவங்களைத் தேடி மேஜைமேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். ஐந்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதொக்கெ ஒரே கையாணல்லோ."

எல்லாம் ஒரே கையெழுத்து. ஆமாம் என்றேன்.

"உங்களுக்கு இல்லாதது உண்டுன்னு எழுதினீங்க. அப்போ மத்தவங்களுக்கு எப்படி எழுதினீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் குழந்தை மேஜை விளிம்பைப் பிடித்து இழுத்தது. அவர் மைப்புட்டியை நகர்த்திவைத்தார். "இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும். வியாழக்கிழமை" என்று மனுவின் ஓரத்தில் குறித்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் வீட்டில் விளக்கு இல்லை என்று பார்க்க வருகிறவர் அடுத்த வீட்டில் விளக்கு இருப்பதையும் பார்ப்பார். மனுவைத் திருப்பிக் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கேட்டிருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அக்காவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அவர் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஒரு ஊட்டுக்கு எண்ணெய் கேக்கப் போயி நாலு ஊட்டுக்குப் போலீசக் கூட்டிட்டு வந்திருக்கறே."

"போலீசு இல்லீங்கக்கா. சப்ளை ஆபீஸ்."

"ரொம்ப வித்தியாசம்தான்." முறத்தை ஒரு தரம் புடைத்துவிட்டு, "குழந்தைக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். "சரி, வரட்டும். கம்பி இருந்தா கரண்ட் இருக்கோணும்னு ஏதாச்சும் சட்டமா? உன்ற ஊடே சாட்சி" என்றார்.

வியாழன் காலையிலேயே நான்கு வீட்டிலும் பல்புகளைக் கழற்றிவிட்டார்கள். மீட்டர் பலகையின் மேல் ஒரு வீட்டில் சாமி காலண்டர், ஒரு வீட்டில் தூளித் துணி, ஒரு வீட்டில் பழைய குடை. அக்கா எதையும் மூடவில்லை. மீட்டர் பலகைக்குக் கீழே வெறும் ஹோல்டர் தொங்க, அதன் கீழே அரிக்கேன் விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் மத்தியானம் நனைந்து வந்தார். ஆபீஸ் ஜீப்புக்குப் பெட்ரோல் குறைத்துவிட்டார்களாம். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்தாராம். செருப்பு முழுக்கச் சேறு. அவரைப் பார்த்தால் பயமாக இல்லை, பாவமாக இருந்தது. முதல் வீட்டிலிருந்து வரவில்லை. மனு கொடுத்த வீடு எது என்று கேட்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். கூரை விளிம்பில் சுருட்டிக் கட்டிய கம்பியைப் பார்த்தார். உள்ளே வந்து சுவர்களைப் பார்த்தார். ஸ்டவ்வைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். குழந்தைக்கு ஆற வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

வாசலில் மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். அவர் பையிலிருந்து ஐந்து படிவங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் நீங்கள் எழுதினதா?"

"ஆமாங்க."

"மத்த வீட்டில் கரண்ட் உண்டோ இல்லையோன்னு நான் கேக்கலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த நாலும், நீங்க பாத்ததை எழுதினதா, அவங்க சொன்னதை எழுதினதா?"

எனக்கு அந்தக் கேள்வியில் ஒரு வழி இருப்பதுபோல் தோன்றியது. அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். நான் பொய் எழுதினேன் என்றும் ஆகாது. அவசரமாகச் சொன்னேன்.

"சொன்னதத்தானுங்க எழுதினேன்."

அவர் தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை, எந்தக் காலண்டரையும் தூக்கிப் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவட்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றதும், மழை விடுவதற்குக் காத்திராமல் நடந்து போனார். அவர் போன பிறகுதான் வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது அந்த முகத்தில் இருந்தது. அவர்கள் சொன்னதை எழுதினேன் என்றால், நான் பார்த்தது வேறு என்றுதானே அர்த்தம்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பதிலை நான் இன்னும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். பார்த்ததை எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அது என் சொந்தப் பொய். நான்கு வீட்டுக்கும் எண்ணெய் குறையாமல் கிடைத்திருக்கும். ஆனால் பார்த்து எழுதியவள் தன் வீட்டைத் தப்பாக எழுதுவாளா என்று அவர் கேட்டிருப்பார். பேசாமல் இருந்திருந்தால்? பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான். எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கிறது.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் கார்டுகள் திருத்தி வந்தன. எங்கள் வீட்டுக்கு முழு அளவு. மற்ற நான்கு வீட்டுக்கும் பாதி. அபராதம், வழக்கு ஒன்றும் இல்லை. அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி ஆறுதல் பட எங்கள் வரிசையில் யாரும் தயாராக இல்லை. ரேஷன் கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மணியார்டர் எழுத முதல் வீட்டுப் பெண் தபால் ஆபீஸ் வாசலில் இருக்கும் ஆளிடம் போனதாகக் கேள்விப்பட்டேன். அக்கா வழியில் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போவார்.

குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் கஞ்சி பழக்கினேன். ஆறு வேளைப் பால் நாலாகக் குறைந்தது. மாதக் கடைசியில் முதல் தடவையாக டின்னில் எண்ணெய் மிச்சம் இருந்தது. சுவர் வழியாக அக்கா வீட்டில் ஈர உமியின் புகை வரும்; அவருடைய சின்ன மகளின் இருமல் கேட்கும். எண்ணெய் என் பக்கம் இருக்கும்போது அந்த இருமல் வேறு மாதிரி கேட்டது. இரண்டு நாள் யோசித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தால் குத்திக்காட்டுவதாக நினைப்பாரோ, கொடுக்காவிட்டால் பதுக்குவதாக நினைப்பாரோ. மூன்றாம் நாள் காலை ஒரு பாட்டிலை நிரப்பி, வாழைச் சருகைச் சுருட்டி அடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "யாரு, அரபுக்காரியா?" என்றார்.

நான் பாட்டிலைப் படியில் வைத்தேன்.

"இதுக்கு நாங்க என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாங்கக்கா."

"ஒண்ணும் வேண்டாம்னு எந்த ஊர்லயும் யாரும் எண்ணெய் குடுக்கறதில்ல. தெனம் பேப்பர் படிக்கறவ, இது உனக்குத் தெரியாதா?"

இல்லை, நிஜமாகவே ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதமாக என்னை யாரும் அம்மிணி என்று கூப்பிடவில்லை.

"நீங்க பழையபடி எங்கூடப் பேசோணும்ங்கக்கா."

அவர் சாம்பல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

"அப்படிச் சொல்லு. அதுக்கு ஒரு பாட்டில் பத்தாது" என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த மாதமும் ஒரு பாட்டில் கொண்டுபோனேன்.